பாட்டி பூனையை அடிக்கவில்லை, உறி கட்டினாள்

என் அன்பு மாணவிகளுக்கும், ஐந்து மாதமாகக் குடும்பக் குழுவில் எனக்கு அறிவுரை சொல்லி வரும் சொந்தங்களுக்கும்,

நீளமான பதிவுதான். டீச்சர் என்றைக்குச் சுருக்கமாகப் பேசினார் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஒரு காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

விஷயம் எங்கள் வீட்டு ப்ரூனோ. லாப்ரடார், 4 வயது, 32 கிலோ. போன கோகுலாஷ்டமி அன்று எங்கள் அடையாறு ஃப்ளாட்டில் வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை மாவால் கிருஷ்ணர் பாதம் போட்டாயிற்று. சீடையும் முறுக்கும் சமையல் மேடை மேல் தாம்பாளத்தில் இருந்தன. நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் தாம்பாளம் தரையில். முறுக்கு ஒன்றுகூட இல்லை. சீடை மட்டும் நாலா பக்கமும் உருண்டு கிடந்தது.

தி.நகரிலிருந்து வந்திருந்த என் அண்ணா கைத்தடியை எடுத்தார். ப்ரூனோ அப்போது ஹாலில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தான். தின்று முடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நாலு அடி விழுந்தது. நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போனவன், ராத்திரி வரை வெளியே வரவில்லை. வெண்ணெய் திருடியவனுக்குப் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் பதினாலு பேர் இருந்தோம். ஒருவரும் அண்ணாவின் கையைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை.

அன்று ராத்திரி குழுவில் தீர்ப்பு வந்தது. "நாலு சாத்து சாத்தினால்தான் அடங்கும்." "எங்கப்பா காலத்து நாய் இப்படியா இருந்தது?" "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க." இன்றைக்கு இதற்கெல்லாம் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். அடித்தால் நாய் திருடுவதை நிறுத்தாது. நாம் இல்லாதபோது திருடவும், திருடியதைச் சீக்கிரம் விழுங்கவும் கற்றுக்கொள்ளும். அதைத் திருத்துகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வது பொய். நமக்கு வந்த கோபத்தை அதன் முதுகில் இறக்கி வைக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் நாயின் பக்கமிருந்து பாருங்கள். அதற்கு "திருட்டு" என்று ஒன்று கிடையாது. மேடை மேல் வாசனை வருகிறது. முன்னங்காலைத் தூக்கி வைத்தால் வாய்க்கு எட்டுகிறது. எட்டியதும் முறுக்கு கிடைக்கிறது. செய்த வேலைக்கு அந்த நொடியே கூலி. இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. மேடையில் கால் வைத்தால் சாப்பாடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது மேடை. அதன் மேல் சாப்பாட்டை வைத்தது நான்.

இதில் லாப்ரடாருக்கு இன்னொரு சுமையும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் கண்டுபிடித்த விஷயம் இது. பசியை அடக்கும் சமிக்ஞைக்கு வேண்டிய ஒரு மரபணுவில், லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாய் சாப்பிட்ட பிறகும் தேடிக்கொண்டே இருக்கும். நாம் "பேராசை" என்று திட்டுவது அதன் உடம்பின் கணக்கு. பேராசை என்றே வைத்துக்கொண்டாலும் கைத்தடியால் மரபணுவைத் திருத்த முடியுமா?

"தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது, முகத்தைப் பார்" என்றார் அண்ணா. காது மடங்கும், தலை தாழும், கண் வேறு பக்கம் போகும். நானும் அதை நம்பியவள்தான். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமான் வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும் நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். சில தடவை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள். அந்த "குற்றவாளி முகம்" தின்ற நாய்க்கு வந்ததா? இல்லை, திட்டு வாங்கிய நாய்க்கு வந்தது. தின்னாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் அதிகமாக வந்தது. அந்த முகத்துக்கு அர்த்தம் "மன்னித்துவிடு" அல்ல, "அடிக்காதே" என்பதுதான். பத்து நிமிஷத்துக்கு முந்தைய முறுக்கையும் இப்போது விழும் அடியையும் நாய் முடிச்சுப் போடாது. மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தபோது அண்ணா வந்தார், வலித்தது. அவன் கற்ற பாடம் "அண்ணா ஆபத்து" என்பது மட்டும்.

இது வெறும் வாதம் இல்லை என்று சரஸ்வதி பூஜை அன்று தெரிந்தது. பாயசத்துக்கு வைத்திருந்த உலர்ந்த திராட்சைப் பாக்கெட்டை மேடை ஓரத்தில் மறந்து வைத்தவள் நான். ப்ரூனோ அதை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். அண்ணாவின் பேரன், 6 வயது, பிடுங்கப் போனான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக ப்ரூனோ உறுமினான். அண்ணா தடியோடு வந்தார். தடியைப் பார்த்ததும் அவன் செய்தது என்ன தெரியுமா? பாக்கெட்டோடு அப்படியே விழுங்கினான். கோகுலாஷ்டமியில் நாம் சொல்லிக்கொடுத்ததை நன்றாகப் படித்திருக்கிறான்: தடி வந்தால் எல்லாம் போய்விடும், அதற்குள் முழுங்கிவிடு.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்ல முடியாது. சில நாய்க்குக் கொஞ்சமே போதும். முதல் நாள் வாந்தி. அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் குறையும். அதற்குப் பிறகு பார்ப்பது கடினம். ஏன் என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த அமிலம் நம் வீட்டு ஜாடியில் இருக்கும் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் பதிவாகியிருக்கின்றன. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். சாக்லேட் இதயத்தைப் படபடக்க வைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டால், ரத்தத்தில் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆக, மேடை மேல் இருப்பது வெறும் வடை என்று நினைக்காதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோனதால் ப்ரூனோ பிழைத்தான். வாந்தி எடுக்க வைத்து, இரண்டு நாள் டிரிப் ஏற்றி, ரத்தம் சோதித்து அனுப்பினார்கள். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே விஷமாகிவிடும். ஆட்டோ பிடியுங்கள்.

வீடு திரும்பியதும் குடும்பம் கூடியது. "குழந்தையைப் பார்த்து உறுமிடுச்சு. செங்கல்பட்டுப் பக்கம் தெரிஞ்சவங்க தோட்டம் இருக்கு, கொண்டு விட்டுடலாம்." உறுமியது நிஜம், பயமும் நியாயம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளாட்டில் வளர்ந்த நாயைத் தோட்டத்தில் விடுவது என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் கழித்து யாரும் அதைப் பற்றி விசாரிப்பதில்லை. பொங்கல் வரை அவகாசம் கேட்டேன். கைத்தடி குடைத் தாங்கியிலேயே இருக்க வேண்டும், குழந்தைகள் வரும்போது ப்ரூனோ அடைப்புக்கு அந்தப் பக்கம் இருப்பான், இந்த இரண்டும் நிபந்தனை.

இப்போது என் பாட்டிக்கு வருகிறேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பாட்டி வீடு. ஓட்டின் மேலும் திண்ணையிலும் எப்போதும் நாலு பூனையாவது இருக்கும். பாட்டி வெண்ணெயை உறியில் வைத்தாள். உத்தரத்திலிருந்து கயிறு, கயிற்றில் சட்டி. தயிருக்கு மேல் கனமான கல்சட்டி மூடி. அடுக்களைக்குக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். பூனையைத் துரத்திக்கொண்டு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் பூனையைக் குற்றம் சொல்வது வெட்கம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாம் கதவை எடுத்துவிட்டோம், உறியை எடுத்துவிட்டோம், திறந்த சமையலறை என்று பெருமையாகக் கட்டினோம், 32 கிலோ நாயை உள்ளே கொண்டு வந்தோம். அது எட்டிப் பார்த்தால் தடியை எடுக்கிறோம்.

"எங்கப்பா காலத்து நாய்" என்று சொல்பவர்களுக்கு: அந்த நாய் சமையல் மேடையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வாசலில் கட்டிப் போட்டிருந்தீர்கள்.

நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வித்தை ஒன்றுமில்லை.

முதலில் உறி. இரண்டு வாரத்துக்கு மேடை மேல் ஒரு பருக்கைகூட இல்லை. சமைத்ததும் எல்லாம் அலமாரிக்குள் அல்லது ஃப்ரிட்ஜுக்குள். சமையலறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு. திருட்டுக்குக் கூலி நின்றால்தான் பாடமே தொடங்கும்.

இரண்டாவது, வீட்டுக்குள் இருக்கும் கறுப்பு ஆடு. நான் யாரைத் தேடினேனோ அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். காய் நறுக்கும்போது என் வீட்டுக்காரர் ப்ரூனோவுக்கு ஒரு கேரட் துண்டு போடுவார். தினமும் அல்ல, தோன்றும்போது. "எப்பவாவதுதானே" என்றார். அந்த எப்பவாவதுதான் மோசம். தினமும் கிடைக்கும் கூலி நின்றால் விலங்கு சீக்கிரம் விட்டுவிடும். எப்போதோ ஒரு தடவை கிடைப்பதை விடவே விடாது என்று ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியிருக்கிறார். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள் அல்லவா? தினமும் பரிசு விழுந்தா மக்கள் சீட்டு வாங்கினார்கள்? எங்கள் வீட்டு லாட்டரிக் கடையையும் மூடினேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது, "விடு". மூடிய கைக்குள் அவன் தீனியில் ஒரு துண்டு. அவன் முகர்வான், நக்குவான், காலால் தட்டுவான். நான் ஒன்றும் சொல்வதில்லை. அலுத்துப்போய் மூக்கை எடுத்த நொடி "சபாஷ்", மற்றக் கையிலிருந்து வேறு துண்டு. மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுப்பதில்லை. விட்டால் கிடைக்கும், ஆனால் விட்டது கிடைக்காது. இது பதிந்த பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்த்தேன். அப்புறம் திறந்த உள்ளங்கை, தரை, முக்காலி, கடைசியில் மேடை. மேடையிலும் முதலில் காய்ந்த இட்லித் துண்டு. வடையெல்லாம் ஐந்தாவது வாரம்தான். நான் முதுகைத் திருப்பி நிற்பது, வாசல் வரை போய் மூன்று நொடியில் வருவது, பத்து நொடியில் வருவது என்று நீட்டினேன். நேராக நூறுக்குப் போனால் குழந்தையும் தோற்கும், நாயும் தோற்கும்.

நான்காவது, பாய். தடுப்புக்கு வெளியே ஒரு கோரைப்பாய். சமைக்கும்போது அவன் அதில் படுத்திருந்தால் நடுநடுவே ஒரு துண்டு பாய் மேல் விழும். "மேடைக்கு வராதே" என்றால் அவனுக்கு வேலை ஒன்றும் இல்லை. "பாயில் படு" என்றால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. கொடுப்பதெல்லாம் அவனுடைய அன்றாடத் தீனியிலிருந்தே எடுத்தது. எடை கூடவில்லை.

ஐந்தாவது, "கொடு". வாயில் எதையாவது எடுத்துவிட்டால் துரத்தக் கூடாது, பிடுங்கக் கூடாது. அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். சரஸ்வதி பூஜை அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் டிரிப் தேவைப்பட்டிருக்காது.

மொத்தம் ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷமாக மூன்று வேளை. நேரமில்லை என்பவர்கள் குழுவில் எனக்கு எழுதிய செய்திகளின் நீளத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்.

"இது லஞ்சம்" என்று என் மருமகன் சொன்னார். வேலைக்கு முன்னால் காட்டுவது லஞ்சம், வேலைக்குப் பின்னால் கொடுப்பது சம்பளம். நான் 34 வருஷம் மாசக் கடைசியில் வாங்கினது லஞ்சமா, மாப்பிள்ளை?

வடைக்குள் மிளகாய்ப்பொடி வைக்கச் சொன்னார்கள், மேடையில் தகர டப்பாவை அடுக்கச் சொன்னார்கள், ஒருவர் மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைக்கு இணைப்பே அனுப்பினார். அந்தப் பட்டையை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. சட்டம் என்றால் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மிருகவதையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டு வந்தவர் நம் அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல். அதன் தொடர்ச்சியாக 1960-ல் சட்டம் வந்தது. அதன்படி விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும் குற்றம், நியாயமான காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. இன்று ஒரு முறுக்குப் பாக்கெட்டுகூட அந்த விலைக்கு வராது. சட்டம் நம்மைத் தடுக்காது என்பதால்தான் நாமே நம்மைத் தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி எழுதப் போவது என் மாணவிகளுக்கு.

1991. எட்டாம் வகுப்பு. மூன்றாவது பீரியடில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் டிபன் பாக்ஸைத் திறந்து தின்றுவிட்டாள். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து ஸ்கேலால் உள்ளங்கையில் ஆறு அடி கொடுத்தேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் யாருடைய டப்பாவும் காலியாகவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வகுப்பு டீச்சரின் பீரியடில் காலியாகிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் பல நாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தாள் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. ஏன் தின்றாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

குழந்தையை நாயோடு ஒப்பிடுகிறாளே என்று கோபப்படாதீர்கள். ஒப்பிடுவது அந்தப் பெண்ணை அல்ல, என் கையை. அண்ணா தடியைத் தூக்கியபோது நான் ஏன் தடுக்கவில்லை என்று யோசித்தேன். அந்தக் கை எனக்குப் பழக்கமான கை. அடி எப்போதும் உடனே வேலை செய்வதுபோல் தெரியும். அறை அமைதியாகிவிடும். அடித்தவருக்கு அந்த அமைதிதான் கூலி. அதனால்தான் மறுபடி அடிக்கிறோம். முறுக்குக்காக மறுபடி மேடை ஏறும் நாய்க்கும் நமக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

பள்ளியில் அடிப்பதை 2003-ல் தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி நிறுத்தினார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுக்க நிறுத்தியது. "இனி வகுப்பை எப்படிக் கட்டி மேய்ப்பது" என்று ஆசிரியர் அறையில் புலம்பியவர்களில் நானும் ஒருத்தி. வகுப்பு நடந்தது. 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது நான் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அதுவும் ஓர் உறிதான். தண்டிப்பதற்கு முன்னால் தண்டனைக்கு வேலை இல்லாமல் செய்வது.

அந்தப் பெண் இந்தப் பதிவைப் படிக்கிறாளா என்று தெரியாது. படித்தால், நான் செய்தது தவறு, அம்மா. ஸ்கேல் பட்ட மற்றவர்களிடமும் அதையே சொல்கிறேன். "அதனால்தான் டீச்சர் உருப்பட்டோம்" என்று கமெண்டில் எழுதாதீர்கள். நீங்கள் உருப்பட்டது அடியால் அல்ல, அடியையும் மீறி.

பொங்கல் வந்துபோயிற்று. சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரியும் திராட்சையும் நெய்யில் வறுபட்டன. அந்த வாசனைக்கு நானே மேடை ஏறியிருப்பேன். ப்ரூனோ பாயில் படுத்து, வாயில் நீர் ஒழுக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தடுப்புக் கதவு மூடியே இருந்தது, திராட்சை டப்பா மேல் அலமாரியில்தான் இருந்தது. பழக்கத்தை நம்பி உறியைக் கழற்றுகிறவள் இல்லை நான். அண்ணாவின் பேரன் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து "விடு" சொல்லிப் பார்த்தான். ப்ரூனோ மூக்கை எடுத்தான். பையன் கத்தின கத்தலில் அண்ணாவே சிரித்துவிட்டார்.

முழு வெற்றி என்று பொய் சொல்ல மாட்டேன். மார்கழியில் ஒரு நாள் மேடையில் இருந்த தேங்காய் மூடி காணாமல் போனது. நான் வைத்திருக்கும் நோட்டில் அந்த நாளுக்கு எதிரே "தவறு: டீச்சர்" என்று எழுதியிருக்கிறேன். வைத்தது என் வீட்டுக்காரர் என்பது வேறு விஷயம்.

செங்கல்பட்டுப் பேச்சு இத்துடன் முடிந்தது என்று சொந்தங்கள் எடுத்துக்கொள்ளவும். அண்ணா, அடுத்த தடவை வரும்போது கைத்தடி உங்கள் காலுக்கு மட்டும். உங்கள் சட்டைப் பையில் நான் நாலு துண்டு தீனி போட்டு வைக்கிறேன். அவன் இன்னும் உங்களைக் கண்டால் கட்டிலுக்கு அடியில்தான் போகிறான். அவனை வெளியே வர வைப்பது இனி உங்கள் வீட்டுப்பாடம்.

எல்லோருக்கும் என் ஆசிகள்.